வல்வெட்டித்துறைக்காரர் கொடுத்த பிரேரணை

இலங்கையில் ஒரு மாகாண சபை செய்யக்கூடியவை மூன்றுதான்: நியதிச் சட்டம், வரவுசெலவுத் திட்டம், தீர்மானம். நியதிச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். வரவுசெலவுத் திட்டத்துக்குக் கொழும்பிலிருந்து காசு வர வேண்டும். தீர்மானத்துக்கு ஒன்றும் வேண்டாம், கையை உயர்த்த ஆட்கள் இருந்தால் போதும். வடக்கு மாகாண சபை இயங்கிய ஐந்து வருடத்தில் தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் பிறந்ததற்குக் காரணம் இதுதான். அவற்றில் பெரும்பாலானவை கைதடியில் இருந்த சபைக் கட்டடத்தின் படியைக்கூட இறங்கவில்லை. ஒன்று மட்டும் இறங்கி ஜெனீவா வரை பேசப்பட்டது. 2015 பெப்ரவரி 10ஆம் திகதி ஏகமனதாக நிறைவேறிய இனப்படுகொலைத் தீர்மானம் அது.

அந்தத் தீர்மானத்தைச் சபையில் சமர்ப்பித்தவர் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன். வரலாற்றில் அது அவருடைய தீர்மானமாகத்தான் நிற்கிறது. ஆனால் அந்தச் சொல்லைச் சபைக்குள் கொண்டுவருவதற்கு அதற்கு முன்பிருந்தே மல்லுக்கட்டியவர் வேறொருவர், வல்வெட்டித்துறை எம்.கே. சிவாஜிலிங்கம். ஒரு பிரேரணை கை மாறிக் கை மாறிப் போன பாதையைச் சொல்வதென்றால் அவருடைய அரசியல் பாதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது விளங்காது.

வல்வெட்டித்துறை வடமராட்சியின் வடக்குக் கரையில், பருத்தித்துறைக்கு மேற்கே உள்ள சின்னப் பட்டினம். யாழ். மாவட்டத்தின் மூன்று நகரசபைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, அது ஊர்ப் பிள்ளைகளின் கையாலேயே ஓட்டப்பட்டு 1938இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. ஊரார் இன்றைக்கும் விட்டுக்கொடுக்காமல் சொல்லும் பெருமை அது. மற்றப் பெயர் உலகம் அறிந்தது. விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரன் பிறந்த ஊர்.

தேர்தல் கணக்கில் ஊர் உடுப்பிட்டித் தொகுதிக்குள் வரும். 1960இல் அந்தத் தொகுதி உருவானபோது அங்கிருந்து பாராளுமன்றம் போனவர் கரவெட்டி மு. சிவசிதம்பரம். 1968 முதல் 1970 வரை பிரதிச் சபாநாயகராக இருந்தார். அந்தத் தலைமுறைக்கு அரசியல் என்றால் சட்டத்தரணியின் கறுப்புக் கோட்டும் கொழும்பு மேடையில் நல்ல ஆங்கிலமும். அடுத்த தலைமுறைக்கு அது செல்லுபடியாகவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த ஒரு சம்பவம் இதைப் பளிச்சென்று காட்டும். 1982இல் வட்டுக்கோட்டைப் பாராளுமன்ற உறுப்பினர் திருநாவுக்கரசு காலமானார். வெற்றிடமான ஆசனத்துக்குத் தமிழர் விடுதலைக் கூட்டணி பிரேரித்த பெயர், வல்வெட்டித்துறை செல்வராசா யோகச்சந்திரன். ஊருக்குக் குட்டிமணி. அப்போது அவர் மரண தண்டனைக் கைதி. சத்தியப்பிரமாணம் செய்யச் சிறை அவரை விடவில்லை. 1983 ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். ஆசனம் இருந்தும் சபைக்குள் கால் வைக்க முடியாத பிரதிநிதி என்ற வகை, இந்த ஊருக்கு அன்றைக்கே அறிமுகமாகிவிட்டது.

குட்டிமணியும் தங்கத்துரையும் தொடங்கிய இயக்கம்தான் ரெலோ. சிவாஜிலிங்கம் அந்த வழி வந்தவர். 1986இல் ரெலோவை விடுதலைப் புலிகள் அழித்தார்கள். தலைவர் சிறீ சபாரத்தினத்தைச் சுட்டார்கள். தப்பியவர்களில் பலர் புலிகளின் பெயரைக் கேட்கவே விரும்பாத காலம் நெடுநாள் இருந்தது. 2001 ஒக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபோது, அதே ரெலோ புலிகளுக்கு இணக்கமான அணியில் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர்த் தேர்தலில் யாழ். மாவட்டத்திலிருந்து சிவாஜிலிங்கம் பாராளுமன்றம் போனார். 2004இல் மறுபடியும் தெரிவானார். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஒன்பது ஆசனங்களில் எட்டைக் கூட்டமைப்பு வென்றது. அந்த எட்டுப் பேரில் நடராஜா ரவிராஜ் 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார், க. சிவனேசன் 2008இல் கிளைமோரில் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்து எம்.பி. என்ற வேலையின் ஆபத்து அப்படி இருந்தது.

யுத்தம் முடிந்தபின் வந்த முதல் ஜனாதிபதித் தேர்தல் 2010 ஜனவரி 26ஆம் திகதி. ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ச, மறு பக்கம் யுத்தத்தை நடத்திய தளபதி சரத் பொன்சேகா. கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. இருவரில் ஒருவருக்குத் தமிழர் புள்ளடி போடுவதா என்று கேட்டுச் சிவாஜிலிங்கம் தானே சுயேச்சையாக இறங்கினார். பிரசாரத்துக்கு நடுவில், ஜனவரி முதல் வாரத்தில், பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பிரபாகரனின் தந்தை வேலுப்பிள்ளை இறந்தார். உடலைப் பொறுப்பேற்று வல்வெட்டித்துறைக்குக் கொண்டுவந்தவர்களின் முன்னணியில் இவர் நின்றார். தன் இயக்கத்தை அழித்தவரின் தகப்பனுக்கு, அந்த நாளில் அந்த ஊரில் பகிரங்கமாக இறுதிக் கிரியை நடத்துவதற்குத் துணிவு வேண்டும். வாக்கு எண்ணியபோது நாடு முழுவதிலும் அவருக்குக் கிடைத்தது 9,662. ஊர் அவரை மதித்தது, ஆனால் வாக்குப் போடவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு என்பது யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும்.

ஏப்ரலில் பாராளுமன்றத் தேர்தல். ரெலோ சகாவான சிறீகாந்தாவோடு சேர்ந்து தனிக் கட்சி கட்டிப் போட்டியிட்டுத் தோற்றார். ஒன்பது வருடம் எம்.பி.யாக இருந்தவர் அடுத்த வருடம் எங்கே போனார் என்று பார்த்தால், வல்வெட்டித்துறை நகரசபைக்குள். 2011 ஜூலை உள்ளூராட்சித் தேர்தலில் கூட்டமைப்பின் வேட்பாளராகத் திரும்பி வந்து உறுப்பினரானார். பாராளுமன்றத்தில் இருந்தவர்கள் சாதாரணமாக நகரசபைக்கு இறங்க மாட்டார்கள். கௌரவம் இடம் கொடாது. வடிகால், தெருவிளக்கு, சந்தைக் குத்தகை என்று பேசும் சபை அது. இவர் இறங்கினார். அரசியல் செய்வதற்கு மேடை ஒன்று வேண்டும், அது எந்த உயரம் என்பது இரண்டாம் பட்சம் என்று நினைத்திருப்பார் போலும்.

மேடை 2013இல் பெரிதானது.

வடக்கு மாகாண சபைத் தேர்தல் அந்த வருடம் செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்தது. 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்கு. விக்னேஸ்வரன் 1,32,255 விருப்பு வாக்குகளோடு முதலமைச்சரானார். ஒக்டோபர் 11ஆம் திகதி யாழ். வீரசிங்கம் மண்டபத்தில் உறுப்பினர்களின் சத்தியப்பிரமாணம். அதற்குச் சிவாஜிலிங்கம் போகவில்லை. மூன்று நாள் கழித்து, யுத்தம் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலுக்குப் போய், அங்கே ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் தன் பிரமாணத்தைச் செய்தார். சட்டப்படி அது போதும். எந்த இடத்தில் நின்று செய்ய வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. மண்டபத்துக் கதிரை, மாலை, கமரா எல்லாவற்றையும் விட்டு, நாலரை வருடத்துக்கு முன் சனம் செத்துக் கிடந்த மணலில் நின்று கையெழுத்துப் போட்டவருக்கு, அந்தச் சபையில் தான் என்ன செய்யப் போகிறோம் என்பது அன்றைக்கே முடிவாகியிருந்தது. இனப்படுகொலைப் பிரேரணையின் விதை அங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

சரி, அந்தச் சபை எப்படிப்பட்ட சபை? 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின் பிள்ளை. வடக்கும் கிழக்கும் இணைந்த முதலாவது சபை 1988 நவம்பர்த் தேர்தலோடு பிறந்தது. முதலமைச்சர் வரதராஜப் பெருமாள். காணியும் பொலிசும் கைக்கு வரவில்லை, காசும் வரவில்லை. இந்தியப் படை கப்பலேறிக்கொண்டிருந்த 1990 மார்ச் 1ஆம் திகதி, சபையை ஈழக் குடியரசின் அரசியலமைப்புப் பேரவையாக மாற்றும் பிரேரணையை அவர் கொண்டுவந்தார். சில நாளில் அவரும் நாட்டை விட்டுப் போனார். பிரேமதாச அரசாங்கம் சட்டத்தைத் திருத்திச் சபையைக் கலைத்தது. அதிகாரம் இல்லாத சபை கடைசியில் ஒரு தாளை எழுதிவிட்டுப் போகும் என்பதற்கு அதுவே முதல் உதாரணம். 2006இல் உயர் நீதிமன்றம் வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்றது, 2007இல் இரண்டும் பிரிந்தன. வடக்குக்கென்று தனிச் சபை 2013 வரை கூடவே இல்லை.

கூடியபோது ஆளுநராக இருந்தவர் மேஜர் ஜெனரல் ஜீ.ஏ. சந்திரசிறி, ஓய்வு பெற்ற படை அதிகாரி. முதலமைச்சர் நிதியம் ஒன்று அமைப்பதற்குச் சபை எழுதிய நியதிச் சட்டம் ஒப்புதல் கிடைக்காமலேயே கிடந்தது. வெளிநாட்டுத் தமிழர் அனுப்பும் காசை மாகாணம் நேரடியாகப் பெற வழி செய்யும் சட்டம் அது என்பதால் அதன் முடக்கம் தற்செயல் அல்ல. சபையால் செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்று உறுப்பினர்கள் ஒரு வருடத்துக்குள் படித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு குற்றத்தையும் சொல்ல வேண்டும். விவசாயம், உள்ளூராட்சி, கூட்டுறவு என்று கைக்கு எட்டிய துறைகளிலும் எழுதியிருக்கக்கூடிய சட்டங்கள் எழுதப்படவில்லை. தீர்மானம் எழுதுவது சுலபம், பத்திரிகையில் மறுநாளே வரும். நியதிச் சட்டம் எழுதுவதற்கு வரைஞர் வேண்டும், மாதக் கணக்கில் உட்கார வேண்டும், முடிவில் தலைப்புச் செய்தியும் வராது. அந்தச் சோம்பலுக்கு ஆளுநரை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது.

பிரேரணை ஒன்று சபைக்குள் நடக்கும் விதம் இது: உறுப்பினர் எழுத்தில் அறிவித்தல் கொடுப்பார், அது ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும், முறை வரும்போது அவைத்தலைவர் பெயர் சொல்லி அழைப்பார், ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிவார், திருத்தம் இருந்தால் பேசப்படும், பிறகு வாக்கு. எங்கே வேண்டுமானாலும் இதை நிறுத்தலாம். ஒழுங்குப் பத்திரத்தில் கீழே தள்ளலாம். நேரம் போதாது எனலாம். அடுத்த அமர்வு எனலாம். ‘சொற்பிரயோகத்தைப் பார்த்துக்கொள்வோம்’ என்று குழுவுக்கு அனுப்பலாம். சி.வி.கே. சிவஞானம் அவைத்தலைவராக இருந்த சபையில் சிவாஜிலிங்கத்தின் பிரேரணை 2014 முழுவதும் இப்படித்தான் அலைந்தது. யுத்தத்தில் நடந்ததைச் சர்வதேச விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்ற அளவுக்குச் சபை உடன்பட்டது. இனப்படுகொலை என்ற பெயரைச் சொல்லத்தான் தயங்கியது.

தயக்கத்துக்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று அரசியல். கூட்டமைப்பின் தலைமை கொழும்போடும் டெல்லியோடும் வாஷிங்டனோடும் பேசிக்கொண்டிருந்தது, அந்த மேசைகளில் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. மற்றது சட்டம். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வு பெற்ற விக்னேஸ்வரனுக்கு இனப்படுகொலை என்பது கோபத்தில் சொல்லும் வார்த்தை அல்ல. 1948ஆம் ஆண்டுச் சாசனம் அதற்கு வரைவிலக்கணம் வைத்திருக்கிறது: ஒரு இனத்தை, இனம் என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிறுவப்பட வேண்டும். செத்தவர் தொகை எவ்வளவு பெரிதானாலும் நோக்கத்தைக் காட்டாமல் வழக்கு நிற்காது. நீதிமன்றத்தில் இருந்தவருக்கு இது கை வந்த பாடம். சிவாஜிலிங்கம் சட்டத்தரணி அல்ல. அவருக்கு அது கண்ணால் கண்டதற்குப் பெயர் வைக்கும் வேலை. இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த மல்லுக்கட்டு இல்லாமல் பின்னால் வந்த தாள் அவ்வளவு கனமாக வந்திராது என்பது மட்டும் நிச்சயம்.

2015 ஜனவரி 8ஆம் திகதி ராஜபக்ச தோற்றார். மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதி, ரணில் விக்கிரமசிங்க பிரதமர். படை அதிகாரியாக இருந்த ஆளுநர் போய், இராஜதந்திரியாக இருந்த பாலிஹக்கார வந்தார். கொழும்பில் நல்லாட்சி என்று பெயர் வைத்துக் கைகுலுக்கல் நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் இப்படியொரு தீர்மானம் வராது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தது, அதுவும் முதலமைச்சர் கையாலேயே. சிவாஜிலிங்கத்தின் பிரேரணையை ஒத்திவைக்கச் சொன்னவர், அதை விரிவாகத் திருப்பி எழுதித் தானே சமர்ப்பித்தார்.

எழுதியதில் நீதியரசரின் கை தெரியும். யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தோடு அது நிற்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் எல்லாவற்றையும் பொறுப்பாளிகளாகக் கணக்கில் எடுத்து, நோக்கம் என்ற கேள்விக்கு அந்த நீண்ட தொடர்ச்சியையே பதிலாக வைத்தது. ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் அப்போது நடத்திக்கொண்டிருந்த விசாரணை, இனப்படுகொலைக் குற்றச்சாட்டையும் ஆராய்ந்து அடுத்த மாதக் கூட்டத் தொடரில் சொல்ல வேண்டும் என்று கேட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பக்கமும் கை காட்டியது. பெப்ரவரி 10ஆம் திகதி ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது. முதன்முதலில் கேட்டவர் அன்றைக்குச் சபையில் உறுப்பினர்களில் ஒருவராக இருந்து ஆதரித்தார். மாகாண அரசியலில் பெயர் பெறுவது எப்படி என்று யாராவது பாடம் எழுதினால் இந்தக் காட்சியை மறக்கக்கூடாது. தள்ளிக்கொண்டு வந்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். ஆனால் சிவாஜிலிங்கம் கொடுத்த வடிவத்தில் அது நிறைவேறியிருந்தால் ஒரு கூச்சற்காரரின் தாள் என்று ஓரங்கட்டியிருப்பார்கள். முன்னாள் நீதியரசர் கொடுத்ததால் உலகம் படித்தது.

படித்துவிட்டு என்ன செய்தது? ஆறே நாளில், பெப்ரவரி 16ஆம் திகதி, ஐ.நா. தன் விசாரணை அறிக்கையை மார்ச்சிலிருந்து செப்டெம்பருக்குத் தள்ளியது. புதிய அரசாங்கத்துக்கு அவகாசமாம். பிரதமர் ரணில் விக்னேஸ்வரனைப் பகிரங்கமாகவே கடிந்தார். செப்டெம்பர் 16ஆம் திகதி அறிக்கை வந்தது. யுத்தக் குற்றங்களும் மானிட குலத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்கக்கூடும் என்று அது பட்டியலிட்டது. இனப்படுகொலை என்ற முடிவுக்கு அது வரவில்லை. ஒக்டோபர் 1ஆம் திகதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணையாளர். இலங்கை அரசாங்கங்கள் இந்தக் குற்றச்சாட்டை அன்றும் மறுத்தன, இன்றும் மறுக்கின்றன. கைதடித் தாளின் உத்தியோகபூர்வப் பயணம் அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

இங்கே ஸ்பெயின் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பாஸ்க் தேசத்தில் ஹுவான் ஹோசே இபாரெட்சே என்று ஒரு பிராந்திய அரசியல்வாதி. எண்பதுகளில் லாவ்தியோ என்ற சிறு பட்டினத்தின் மேயர். அங்கிருந்து பிராந்தியப் பாராளுமன்றம், பிறகு 1999இல் பாஸ்க் அரசாங்கத்தின் தலைவர். ஸ்பெயினோடு ‘சுதந்திரமான இணைவு’ என்ற திட்டம் ஒன்றை எழுதினார். 2004 டிசம்பர் 30ஆம் திகதி பாஸ்க் பாராளுமன்றம் அதை 39க்கு 35 என்ற வாக்கில் ஏற்றது. 2005 பெப்ரவரி 1ஆம் திகதி இபாரெட்சே அந்தத் திட்டத்தோடு மட்ரிட்டுக்குப் போய், நாட்டின் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று தானே பேசினார். பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் பதில் சொன்னார்கள். 313 பேர் எதிர்த்தார்கள், 29 பேர் ஆதரித்தார்கள். தோல்விதான். ஆனால் அந்தத் தாளுக்குப் போக ஒரு வழி இருந்தது, போன இடத்தில் ஒரு மேடை இருந்தது, தோற்றதற்கும் ஒரு கணக்கு இருந்தது. ஊருக்குத் திரும்பிய இபாரெட்சே மீண்டும் தேர்தலைச் சந்தித்து 2009 வரை பதவியில் இருந்தார். பாஸ்க் தேசத்துக்குச் சொந்தப் பொலிஸ் இருக்கிறது, வரியை அவர்களே அறவிடுகிறார்கள். திட்டம் தோற்ற மறுநாளும் செய்ய வேலை இருந்தது.

கைதடித் தீர்மானத்தைக் கொண்டுபோய் நாட்டின் பாராளுமன்றத்தில் விவாதிக்க வைப்பதற்கு ஒரு விதியும் கிடையாது. அது வாதத்தில் தோற்கவும் இல்லை; பதில் சொல்ல ஒருவரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

அதனால் சிவாஜிலிங்கம் தானே நடமாடும் பிரேரணையானார். 2015 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் மகிந்த ராஜபக்ச குருநாகலில் நின்றபோது, அங்கேயே போய்ச் சுயேச்சையாக வேட்புமனுக் கொடுத்தார். தமிழ் வாக்காளர் மிகக் குறைந்த சிங்கள மாவட்டம் அது. வெல்வது நோக்கமாக இருக்க முடியாது. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மறுபடியும் சுயேச்சை. அந்த முறை வேட்பாளர்கள் 35 பேர், வாக்குச்சீட்டு 26 அங்குல நீளம், மடித்துப் பெட்டிக்குள் போடவே சனம் பாடுபட்டது. அவர் பெற்ற வாக்கு 12,256. சுயேச்சை வேட்பாளர் கட்டும் 75,000 ரூபா கட்டுப்பணம் திரும்பி வராது என்று தெரிந்தே கட்டியது. அந்தத் தேர்தலோடு ரெலோவையும் விட்டார். சிறீகாந்தாவோடு தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கி, 2020இல் விக்னேஸ்வரனின் கூட்டணியில் சேர்ந்தார். பிரேரணையை ஒத்திவைத்தவரும் ஒத்திவைக்கப்பட்டவரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அந்த வருடப் பாராளுமன்றத் தேர்தலில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது ஒரேயொரு ஆசனம், அதில் விக்னேஸ்வரன் போனார்.

இவரைக் கோமாளி என்று சொல்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. வாக்கைப் பிரிக்கிறார், பத்திரிகைக்காக அரசியல் செய்கிறார் என்பார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பாராளுமன்றம், நகரசபை, மாகாண சபை என்று மூன்று படியிலும் இருந்தவர், வல்வெட்டித்துறைக்கோ வடமராட்சிக்கோ நினைவில் நிற்கும் நிர்வாகச் சாதனை என்று ஒன்றை விட்டுப் போகவில்லை. ஆனால் மற்றவர்கள் விட்டுப் போனார்களா என்று கேட்டால் அந்தக் குற்றச்சாட்டு சற்றுத் தளர்ந்துவிடும். செய்ய அதிகாரம் இல்லாத இடத்தில் சொல்வதையே தொழிலாக்கிக் கொண்டவர் அவர். சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை என்பதை அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

தாளின் கதைக்கு வெளிநாட்டு அத்தியாயம் ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டசபையில் விஜய் தணிகாசலம் என்ற தமிழ் உறுப்பினர் கொண்டுவந்த 104ஆம் இலக்கச் சட்டமூலம் 2021 மே மாதம் சட்டமானது. மே 18இல் முடியும் ஏழு நாளும் ஒவ்வொரு வருடமும் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரம். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் வெல்லவில்லை. 2022 மே 18ஆம் திகதி கனடா நாட்டுப் பாராளுமன்றமே அந்த நாளை நினைவு நாளாக ஏற்றது. 2025 மே மாதம் பிரம்ரன் நகரத்துப் பூங்காவில் நினைவுத் தூபி திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கைதடித் தீர்மானத்தின் நேரடிப் பிள்ளைகள் என்று சொன்னால் மிகைப்படுத்தலாகும். புலம்பெயர்ந்த தமிழரின் சொந்த உழைப்பு அவை. கவனிக்க வேண்டியது வேறு. தணிகாசலமும் மாகாண உறுப்பினர், சிவாஜிலிங்கமும் மாகாண உறுப்பினராக இருந்தவர். ஒன்ராறியோவில் கல்வி மாகாணத்தின் கையில் இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு மாகாண உறுப்பினரின் தாள் சட்டமாகிப் பள்ளிக்கூடம் வரை போக வழி இருக்கிறது. இங்கேயும் கல்வி மாகாணப் பட்டியலில் உண்டுதான். ஆனால் பெரிய பாடசாலைகள் தேசியப் பாடசாலைகள், பாடப் புத்தகம் கொழும்பில் அச்சாகிறது.

வடக்கு மாகாண சபையின் முடிவு அழகாக இருக்கவில்லை. 2017 ஜூனில் இரண்டு அமைச்சர்களை முதலமைச்சர் பதவி விலகச் சொல்லப்போய், சொந்தக் கட்சிக்காரரே அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்தார்கள். சமரசமாகி, இழுபட்டு, 2018 ஒக்டோபரில் பதவிக் காலம் முடிந்தது. புதிய முறையில் தேர்தல் நடத்துவதற்காக எழுதிய எல்லை நிர்ணய அறிக்கை அதே வருடம் ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்து ஒரு வாக்கும் இல்லை, எதிர்த்து 139. அதைச் சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போனது, புதிய முறை வரவில்லை, நடுவில் தேர்தல் தொங்கியது. ஒன்பது மாகாணங்களும் ஆளுநர்களின் கையில் போயின.

மாகாண சபைத் தேர்தல் என்றைக்காவது அறிவிக்கப்படும். அப்போது வாக்குக் கேட்டு வீட்டுப் படலைக்கு வரும் வேட்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் வருடத்தில் எந்த நியதிச் சட்டத்தை எழுதப் போகிறீர்கள்? நீங்கள் நிறைவேற்றும் தீர்மானத்தை யார் கையில், எந்த வழியால் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறீர்கள்? பதில் சொல்லத் தெரியாதவருக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும், வாக்குப் போடாதீர்கள்.